சோக்கும் சாமைப் பாட்டும்: மைக்குக்கு ஒரு சிறிய மின்வழங்கி

கல்வராயன் மலையில் உள்ள எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் நல்ல மைக் ஒன்றை வாங்கி அனுப்பினார். "ஸ்டுடியோவுல வைப்பாங்களே, அந்த மாதிரி டீச்சர். பிள்ளைங்க பாடிப் பழகட்டும்" என்றார். கலைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஆர்வத்தோடு கைப்பேசியில் செருகிப் பார்த்தோம். ஒரு சத்தமும் வரவில்லை. உடன் வந்த தாளைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அது கண்டென்சர் வகை மைக். 48 வோல்ட் கொடுத்தால்தான் அதற்கு உயிர் வரும். கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிய ஒரு சனிக்கிழமை, கைப்பேசி சார்ஜரில் இயங்கி 48 வோல்ட் தரும் சிறு பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். மைக்கின் மெல்லிய சைகையைப் பெரிதாக்கும் முன்பெருக்கியும் அதற்குள்ளேயே இருந்தது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் பாட்டி, சாமை அறுக்கும்போது பாடும் பாட்டு ஒன்றை வைத்திருக்கிறார். அந்த ஊரில் அதை முழுதாகப் பாடத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். அறுவடையின் கடைசி நாளில் அவர் வீட்டுத் திண்ணையில் மைக்கை வைத்து, சுவரில் இருந்த பிளக்கில் சார்ஜரைச் செருகி, ஏழு நிமிடம் பதிவு செய்தோம். பள்ளிக்கு வந்து ஒலிபெருக்கியில் போட்டால், பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல்; பாட்டுக்கு மேலே சில்வண்டு கத்துவதுபோல் ஒரு கீச்சொலி. ச, ட, ற வருகிற இடமெல்லாம் அந்தக் கீச்சொலியில் கரைந்து, பல சொற்கள் என்னவென்றே தெரியவில்லை. மறுநாள் மீண்டும் போய்க் கேட்டோம்.

"அறுத்து முடிச்சாச்சே டீச்சரம்மா. கதிர் நிக்கும்போதுதான் அதப் பாடுவேன். அடுத்த வருசம் வாங்க" என்றார் பாட்டி.

அவர் வயதை நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். அடுத்த அறுவடைக்குள் நாங்கள் செய்த மின்வழங்கியைப் பற்றியதுதான் இக்கட்டுரை. நான் இயற்பியல் படித்து பி.எட். முடித்தவள், மின்னணுவியலில் பயிற்சி பெற்றவள் இல்லை. அதனால் எங்கள் தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் பள்ளியில் யாரேனும் செய்ய முனைந்தால் இரண்டு ஐ.சி.க்களின் காசு மிச்சமாகும்.

இரைச்சலைக் கண்ணால் பார்த்தல்

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியை அறிவியல் ஆசிரியர்கள் பலர் கைப்பேசியில் வைத்திருப்பீர்கள். அதில் ஒலியின் அலைமாலையைக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. கெட்டுப்போன பதிவை ஓடவிட்டு அதில் பார்த்தோம். 50, 100, 150, 200 ஹெர்ட்ஸ் என்று இடப்பக்கம் வேலிக்கால் நட்டதுபோல் கோடுகள். வெகு தூரம் தள்ளி, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி, கனமான ஒரு மேடு.

இடப்பக்கத்துக் கோடுகளை மாணவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதை நேர்த்திசையாக்கும்போது இரண்டு அரைச் சுற்றுகளும் மேலெழுவதால் 100. மற்றவை அவற்றின் மடங்குகள். சார்ஜரைக் கழற்றிவிட்டு, பெட்டியைப் பவர் பேங்கில் இணைத்ததும் வேலிக்கால்கள் மறைந்தன. இரண்டு முள் சார்ஜரில் புவி இணைப்பு கிடையாது. அதன் உயர் மின்னழுத்தப் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் இணைக்கும் ஒரு குட்டி மின்தேக்கி வழியாகச் சிறிதளவு மின்சாரம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். சார்ஜரில் செருகிய கைப்பேசியின் உலோக ஓரத்தைத் தடவினால் விரலில் ஒரு குறுகுறுப்பு தெரியுமே, அது இந்தக் கசிவுதான்.

ஆனால் வலப்பக்கத்து மேடு பவர் பேங்கிலும் அப்படியே நின்றது. அதன் ஊற்று பெட்டிக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன். "எஸ்.எம்.பி.எஸ். ஆடியோவுக்கு ஆகாதும்மா. டிரான்ஸ்பார்மர் போட்டுச் செய்யுங்க" என்றார். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் சொன்ன வார்த்தை. அது பாதிதான் சரி என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆறு மாதம் ஆனது.

ஏன் 48? ஏன் இவ்வளவு கவனம்?

கண்டென்சர் மைக் என்பது ஒரு மின்தேக்கி. ஒரு தகடு அசையாது. மற்றொன்று மெல்லிய சவ்வு. குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது தகடுகளுக்கு இடையிலான தொலைவு மாறுகிறது, அதற்கேற்ப மின்னழுத்தம் மாறுகிறது. பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் 1962-இல் மின்னூட்டத்தை நிரந்தரமாகச் சுமக்கும் எலெக்ட்ரெட் படலத்தைக் கொண்டு மைக் செய்தார்கள். அந்த வகை ஓரிரு வோல்ட்டிலேயே இயங்கும் என்பதால் கைப்பேசிகளில் நெடுங்காலம் அதுவே இருந்தது. ஸ்டுடியோ மைக்கோ தகடுகளுக்கும், உள்ளிருக்கும் சிறு பெருக்கிக்கும் வெளியிலிருந்து மின்சாரம் கேட்கிறது. சைகை போகும் அதே இரண்டு கம்பிகள் வழியாகவே அந்த மின்சாரத்தையும் அனுப்புவதற்கு ஃபேண்டம் முறை என்று பெயர்.

48 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1966-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே நாட்டு வானொலிக்காகத் தன் மைக்கை மாற்றியமைத்தது. குளிர்காலத்தில் பகல் வெளிச்சமே அரிதான அந்த ஊரில், வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் இணைப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அதுவே உலகத் தரமாயிற்று. இன்றைய தரப்படி 44 முதல் 52 வோல்ட் வரை இருக்கலாம். ஒரு மைக் அதிகபட்சம் 10 மில்லிஆம்பியர் எடுக்கலாம்.

இப்போது இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரடி தள்ளி உட்கார்ந்து சன்னமாகப் பாடும் ஒருவரின் குரல் மைக்கில் உண்டாக்கும் சைகை ஒரு மில்லிவோல்ட் அளவில் இருக்கும். அதே கம்பியில் நாம் ஏற்றும் மின்னழுத்தம் 48,000 மில்லிவோல்ட். அந்த 48,000-இல் ஒன்று அசைந்தாலே அது பாட்டியின் குரலோடு போட்டிக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு முன்பெருக்கி இரண்டையும் வேறுபாடு பார்க்காமல் நூறு மடங்கு பெருக்குகிறது.

கிடங்கில் கிடந்த சோக்

12 வோல்ட் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் எப்படி வரும்? நேர்மின்னோட்டத்தில் மின்மாற்றி வேலை செய்யாது என்று ஒன்பதாம் வகுப்பில் நாமே சொல்லிக்கொடுக்கிறோம். விடை பள்ளிக் கிடங்கில் கிடந்தது. எல்.இ.டி. குழல்விளக்குகள் வந்தபோது கழற்றிப் போட்ட பழைய சோக்குகள்.

பழைய குழல்விளக்கு எரியத் தொடங்கும் விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் மூடியிருக்கும்போது சோக் வழியாக மின்னோட்டம் ஓடும். ஸ்டார்ட்டர் சட்டெனத் திறக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் நின்றுபோவதைக் கம்பிச்சுருள் ஏற்காது. லென்ஸ் விதிப்படி அந்த மாற்றத்தை எதிர்த்து, தன் முனைகளில் பெரிய மின்னழுத்தத்தைத் தூண்டும். அந்த ஓர் அடியில்தான் குழலுக்குள் இருக்கும் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது.

இதை வகுப்பில் மின்சார இணைப்பே இல்லாமல் காட்டலாம். இரண்டு டார்ச் செல்களைத் தொடராக வைத்து, சோக்கின் இரு முனைகளில் இணையுங்கள். அதே முனைகளுக்குக் குறுக்கே ஒரு நியான் விளக்கு; ஸ்விட்ச் போர்டில் சிவப்பாக எரியுமே, அந்த இண்டிகேட்டர். செல் இணைந்திருக்கும்போது நியான் எரியாது. அது எரிய 60 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நம்மிடம் இருப்பது மூன்றே வோல்ட். இப்போது ஒரு கம்பியைச் சட்டென எடுங்கள். நியான் பளிச்சென்று ஒருமுறை மின்னும். வகுப்பைச் சற்று இருட்டாக்கிக்கொண்டால் கடைசி வரிசைக்கும் தெரியும். கம்பி எடுக்கும்போது வெறும் முனைகளை இரண்டு கைகளாலும் தொடக் கூடாது, சுருக்கென்று அடிக்கும். எங்கள் வகுப்பில் அன்று ஒரு மணி நேரம் வேறெதுவும் நடக்கவில்லை. ஆளுக்கு ஒருமுறை கம்பியை எடுத்துப் பார்த்தார்கள்.

நாங்கள் செய்த மின்வழங்கி முழுவதும் இந்த ஒரு மின்னல்தான். கம்பியைக் கையால் எடுப்பதற்குப் பதில் நொடிக்கு ஐம்பதாயிரம் முறை ஒரு டிரான்சிஸ்டர் எடுத்து எடுத்து வைக்கிறது. சுருளின் ஒரு முனை பேட்டரியின் நேர்முனையில் இருக்கும். மறுமுனையிலிருந்து இரண்டு வழி பிரியும். ஒன்று டிரான்சிஸ்டர் வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்குப் போகும். மற்றொன்று டையோடு வழியாக ஒரு மின்தேக்கிக்குப் போகும். டிரான்சிஸ்டர் மூடும்போது சுருளில் மின்னோட்டம் ஏறும். திறக்கும்போது சுருள் சினந்து மின்னழுத்தத்தை உயர்த்த, மின்னோட்டம் டையோடு வழியாகப் போய் மின்தேக்கியை நிரப்பும். திரும்பி வர டையோடு விடாது. கைப்பம்பில் சைக்கிளுக்குக் காற்றடிப்பதும், டியூபின் வால்வு அதைத் திரும்ப விடாததும் இதே கதைதான்.

கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவர்களே போட்டார்கள். எங்களுக்குத் தேவை 48 வோல்ட்டில் 15 மில்லிஆம்பியர், அதாவது 0.72 வாட். நொடிக்கு 52,000 அடி என்றால் ஓர் அடிக்குச் சுமார் 14 மைக்ரோஜூல். சுருளில் சேரும் ஆற்றல், அதன் தூண்டல் எண்ணை மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கியதில் பாதி. 100 மைக்ரோஹென்றி சுருளில் 14 மைக்ரோஜூல் சேர 0.53 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் அந்த அளவை எட்ட 4.4 மைக்ரோநொடி ஆகும். ஒரு சுற்றுக்கு நம்மிடம் இருப்பதோ 19 மைக்ரோநொடி. போதிய இடம் இருக்கிறது. (உண்மையில் இன்னும் சற்றுக் குறைவே போதும், திறந்திருக்கும்போது பேட்டரியும் நேரடியாகக் கொஞ்சம் தள்ளுகிறது.) 100 மைக்ரோஹென்றி என்பது கட்டைவிரல் நகம் அளவு வளையம். இரண்டு கையால் தூக்க வேண்டிய பழைய வால்வு ரேடியோ மின்மாற்றியைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அந்த மின்மாற்றி நொடிக்கு 50 முறை மட்டுமே மின்சாரத்தை அள்ளி ஊற்றியது, அதனால் அண்டா வேண்டியிருந்தது. ஆயிரம் மடங்கு வேகமாக அள்ளுகிறவனுக்கு ஒரு கரண்டி போதும்.

நாங்கள் கெடுத்தவை

கள்ளக்குறிச்சிக் கடையில் கையிருப்பில் இருந்த ஐ.சி. எம்.சி.34063. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். வெளியேறும் மின்னழுத்தத்தை இரண்டு மின்தடைகளால் நிர்ணயிக்கலாம். 48-க்கு வைத்து இணைத்தோம். சில நொடிகளில் ஐ.சி. செத்தது. தரவுத்தாளை அதன் பிறகு படித்தோம். அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் 40 வோல்ட்தான் தாங்கும். இரண்டாவது ஐ.சி. வாங்கி, 100 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட் ஒன்றை வெளியே வைத்து அடிக்கும் வேலையை அதனிடம் கொடுத்தோம். மல்டிமீட்டர் 48 காட்டியது. கைதட்டல். ஐந்து நிமிடத்தில் டையோடைத் தொட்டவன் விரலை உதறினான். வழக்கமான 1என்4007 போட்டிருந்தோம். 50 ஹெர்ட்ஸுக்காகப் பிறந்தது அது. இவ்வளவு வேகத்தில் மூட வேண்டிய நேரத்தில் மூடாமல், பின்னோக்கியும் கொஞ்சம் மின்சாரத்தை விட்டுச் சூடாகிறது. அதே அளவில் கிடைக்கும் வேக வகையான யு.எஃப்.4007 போட்டதும் சூடு அடங்கியது.

மைக்கை இணைத்தோம். அதே சில்வண்டு!

"டீச்சர், பத்தாம் வகுப்பு ஒலியியல்ல மனுசன் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேக்கும்னு இருக்கு. இது அதுக்கு மேல அடிக்குதே, எப்படிக் கேக்குது?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

விடை தற்செயலாகக் கிடைத்தது. மின்னழுத்தம் சுமை ஏறினால் குறைகிறதா என்று பார்க்க, வெளியேறும் முனைகளுக்குக் குறுக்கே ஒரு மின்தடையை வைத்தபோது கீச்சொலியின் சுருதி ஏறியது. இன்னும் குறைந்த மின்தடை வைத்தால் இன்னும் ஏறியது. மின்தடையை எடுத்தால் இறங்கியது. மாணவர்கள் மூன்று மின்தடைகளை மாற்றி மாற்றி வைத்து ஸ, ரி, க பாட வைத்துவிட்டார்கள்.

இதை மேல்நிலைத் தொட்டியை வைத்துப் புரிந்துகொண்டோம். தானியங்கி மோட்டார் போட்ட தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நிற்கும். மோட்டார் ஓடும்போது அதன் சுழற்சி வேகம் எப்போதும் ஒன்றுதான். ஆனால் எத்தனை முறை ஓடி ஓடி நிற்கிறது என்பது நாம் எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எம்.சி.34063 அப்படிப்பட்ட ஐ.சி. மின்தேக்கி நிறைந்ததும் அடிப்பதை நிறுத்திக்கொள்ளும்; சற்றுக் குறைந்ததும் மறுபடி ஒரு கொத்து அடிக்கும். அடிகள் காதுக்கு எட்டாத வேகத்தில் இருந்தாலும் கொத்துகள் காதுக்கு எட்டும் வேகத்தில் வருகின்றன. மைக் எடுப்பதோ மிகச் சிறிய மின்னோட்டம்; அதனால் கொத்துகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி. கடையில் வாங்கிய பெட்டியிலும் இதுவே நடந்திருக்க வேண்டும். 3,000 ஹெர்ட்ஸ் மேட்டுக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மெக்கானிக் சொன்னதில் பாதி சரி என்றேனே, அந்த மீதிப் பாதி இதுதான். ஒழுங்காக, நிற்காமல், ஒரே அதிர்வெண்ணில் அடிக்கும் மின்வழங்கியின் அலைவு 52,000 ஹெர்ட்ஸில் இருக்கும். மின்மாற்றி வைத்த மின்வழங்கியின் அலைவு 100 ஹெர்ட்ஸில், நம் காதுக்கு நடுவீட்டில் உட்கார்ந்திருக்கும். முன்னதை வடிகட்டப் பின்னதைவிட ஐந்நூறில் ஒரு பங்கு வடிகட்டி போதும். வடிகட்டியில் தப்பிவந்த மிச்சமும் காதுக்கு எட்டாது. ஸ்விட்ச் செய்வது குற்றமில்லை; விட்டு விட்டுச் செய்வதுதான் குற்றம்.

மூன்றாவது முயற்சி

சென்னை ரிட்சி தெருவிலிருந்து எல்.எம்.2577 வரவழைத்தோம். இது 52,000 ஹெர்ட்ஸில் மாறாமல் அடிக்கும். சுமைக்கேற்ப அடியின் நீளத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும். உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் 65 வோல்ட் தாங்கும். தரவுத்தாளில் உள்ள சுற்றையே அப்படியே எடுத்துக்கொண்டோம். இந்த ஐ.சி. தன் பின்னூட்டக் காலில் 1.23 வோல்ட் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். மேலே 47 கிலோ ஓம், கீழே 1.2 கிலோ ஓம் வைத்தால் வெளியே சுமார் 49 வோல்ட் வரும். 44-க்கும் 52-க்கும் நடுவில் இருப்பதால் சரி. மின்தேக்கிகள் எல்லாம் 63 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்குபவையாக இருக்கட்டும்; 35 வோல்ட் மின்தேக்கி போட்டால் வெடிக்கும்.

எந்த ஐ.சி.யும் சுமை மிகக் குறைந்தால் அடிகளைத் தவறவிடும். அதற்காக வெளியேறும் முனைகளுக்குக் குறுக்கே 4.7 கிலோ ஓம், 1 வாட் மின்தடை ஒன்றை நிரந்தரமாக வைத்தோம். அது சும்மா 10 மில்லிஆம்பியரைக் குடித்துக்கொண்டிருக்கும். "வேஸ்ட்தானே டீச்சர்?" என்றார்கள். வேஸ்ட்தான். அரை வாட் கொடுத்து அமைதியை வாங்குகிறோம். இதையும் சேர்த்து மொத்தப் பெட்டியும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 0.1 ஆம்பியர் அளவுதான் எடுக்கிறது, யு.பி.எஸ்.ஸில் வரும் 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முன்பெருக்கியின் என்.இ.5532 நேரடியாக அதே பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்கிறது.

அடுத்து வடிகட்டி. 49 வோல்ட் முனையிலிருந்து 100 ஓம் மின்தடை, அதன் பின் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. கணக்குப்படி 16 ஹெர்ட்ஸுக்கு மேல் போகப் போக இது அலைவை மேலும் மேலும் நசுக்கும். ஆனால் பெரிய மின்பகுளி மின்தேக்கிகள் உயர் அதிர்வெண்ணில் சோம்பேறிகள். பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கி ஒன்றை வையுங்கள்.

அதன் பின் 48 வோல்ட், இரண்டு 6.8 கிலோ ஓம் மின்தடைகள் வழியாக மைக்கின் இரண்டு சைகைக் கம்பிகளுக்கும் சமமாகப் பிரிந்து போகிறது. முன்பெருக்கி இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே பார்க்கும். மின்வழங்கியில் மிஞ்சிய இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறினால் கழிந்துவிடும். ஆனால் மின்தடைகள் சமமாக இல்லாவிட்டால் அந்த வேறுபாடு பாட்டோடு சேர்ந்துவிடும். தரப்படி அவை 0.4 விழுக்காட்டுக்குள், அதாவது 27 ஓமுக்குள் ஒத்திருக்க வேண்டும். கடையில் கிடைப்பதோ 5 விழுக்காடு வகை. இருபது வாங்கி வந்து எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் மல்டிமீட்டரோடு கொடுத்தேன். அளந்து, எழுதி, வரிசைப்படுத்தி, ஒத்த இரட்டைகளைத் தேடினார்கள். 4 ஓம் மட்டுமே வேறுபட்ட ஒரு சோடி கிடைத்தது. ஒரே மதிப்பு அச்சிட்ட இருபது பொருள்கள் இருபது அளவு காட்டுவதை அன்றுதான் கண்ணால் கண்டார்கள். அளவீட்டுப் பிழை பாடத்தை அதற்குப் பிறகு நான் தனியாக நடத்தத் தேவைப்படவில்லை.

இவ்வளவும் பிரெட்போர்டில் இருந்தவரை ஓர் இரைச்சல் போகவே இல்லை. மின்னோட்டம் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் விலகி நின்றால் நடுவில் உள்ள வெளி ஓர் ஒற்றைச் சுற்றுச் சுருளாகிவிடுகிறது. அது காந்தப்புலத்தை வீசவும் செய்யும், வாங்கவும் செய்யும். பழைய ரிலே ஒன்றின் சுருளை முன்பெருக்கியின் உள்ளீட்டில் இணைத்து, மேசையெங்கும் நகர்த்திக் கேட்டோம். மாணவர்கள் அதற்கு மோப்ப நாய் என்று பெயர் வைத்தார்கள். நாய் வகுப்பறை எல்.இ.டி. குழல்விளக்கருகே உறுமியது, சார்ஜர் அருகே ஊளையிட்டது, எங்கள் பேட்டரிக் கம்பிகளுக்கு நடுவிலும் முனகியது. டாட் போர்டில் நெருக்கமாகச் சால்டர் செய்து, பேட்டரிக் கம்பிகளை முறுக்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னை எதிர்முனையோடு இணைத்தோம். எவர்சில்வர் டப்பா பார்க்க அழகுதான், ஆனால் அதில் சால்டர் ஒட்டாது. பிஸ்கட் டின்னில் ஒட்டும்.

சரிபார்க்க எங்களிடம் ஓர் அளவுகோல் இருந்தது. ஐந்து 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 45 வோல்ட், துளி அலைவும் இல்லாமல். அதில் ஒரு பதிவு, எங்கள் பெட்டியில் ஒரு பதிவு. எது எதுவென்று சொல்லாமல் ஓடவிட்டேன். வகுப்பில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்படியானால் அந்த ஐந்து பேட்டரிகளே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அவசரத்துக்குப் போதும், நானும் பையில் வைத்திருக்கிறேன். சற்றுத் தேய்ந்ததும் 44-க்குக் கீழே போய்விடும். ஒவ்வொரு முறையும் கள்ளக்குறிச்சியிலிருந்து வாங்கி வந்து, தீர்ந்ததை மலையில் எறிய எனக்கு மனமில்லை.

செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசி சார்ஜரையோ கணினி மின்வழங்கியையோ மாணவர்கள் முன் திறக்காதீர்கள். அவற்றுக்குள் இருக்கும் மின்தேக்கியில் 325 வோல்ட் வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் இருக்கும். நாங்கள் முழு வேலையையும் 12 வோல்ட் பேட்டரியில் மட்டுமே செய்தோம். அந்தப் பேட்டரியும் குறுக்கிணைப்பு ஏற்பட்டால் கம்பியைச் சிவக்கக் காய்ச்சிவிடும். நேர்முனையில் 1 ஆம்பியர் ஃபியூஸ் அவசியம். மின்பகுளி மின்தேக்கியை முனை மாற்றி வைத்துவிட்டால் வெடிக்கும் என்பதால் முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது எல்லோரும் ஓரடி தள்ளி நிற்பதும், ஆசிரியர் கண்ணாடி அணிந்திருப்பதும் நல்லது. மைக், பேட்டரி நீங்கலாக, செத்துப்போன ஐ.சி.யையும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

அடுத்த அறுவடை வந்தது. பிஸ்கட் டின்னையும் பேட்டரியையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனோம். இம்முறை திண்ணையில் இல்லை. பிளக் தேவையில்லை என்பதால் சாமைக் கொல்லைக்கே போய்விட்டோம். மைக்கை டின்னிலிருந்து இரண்டு கை நீளம் தள்ளி வைத்தோம். பாட்டி அறுத்துக்கொண்டே பாடினார். முடிந்ததும் ஹெட்போனை அவர் காதில் மாட்டினோம். வெகு நேரம் கேட்டார்.

"நான் மூச்சு வாங்கறதுகூடக் கேக்குதே" என்றார். பிறகு, "நடுவுல ஒரு அடிய விட்டுட்டேன் போல. இன்னொருக்கா வைங்க" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இரண்டாவது பதிவைத்தான் வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இப்போது உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் அதை ஓடவிட்டு வரி வரியாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதல் பதிவில் கீச்சொலிக்குள் போயிருந்த சொற்கள் எல்லாம் தெளிவாக விழுந்துவிட்டன. அவற்றில் இரண்டுக்கு எங்களில் யாருக்கும் பொருள் தெரியவில்லை. பேத்தி இந்த வாரம் கேட்டு எழுதி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.